நாற்பத்தொரு கைநாட்டு

உடைகுளத்து ஊரே சேர்ந்து தன்மேல் மனுப் போட்டிருக்கிறது என்று பஞ்சம்மாள் டீச்சருக்குத் தெரிய வந்தபோது, அதே ஊர்க் குழந்தை ஒன்று அவள் இடுப்பில் உட்கார்ந்து அவள் முந்தானையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. திருச்சுழியிலிருந்து சைக்கிளில் வந்த தபால்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு, வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். உடைகுளத்துத் தண்ணீர் அப்படி. உறைக்குள் இரண்டு தாள்கள் இருந்தன. வருகிற வெள்ளிக்கிழமை டிப்டி இன்ஸ்பெக்டர் நேரில் வந்து விசாரிப்பார், டீச்சர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது முதல் தாள். இரண்டாவது தாள் மனுவின் நகல்.

மேற்படி டீச்சர் வகுப்பில் தூங்குகிறார். பிள்ளைகளை அடிக்கிறார். ஒரு எழுத்துக்கூடச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஐந்து வயது நிரம்பாத பால்குடிப் பிள்ளைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் தொட்டில் கட்டும் வீடாக்கிவிட்டார். இப்படியெல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி: 'இப்பேர்ப்பட்ட டீச்சரை எந்த ஊருக்கு மாற்றினாலும் அந்த ஊர் கெட்டுப்போகும் என்பதைத் தங்கள் சமூகத்துக்குத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' அதற்குக் கீழே நாற்பத்தொரு கைநாட்டுக்காரர்களின் பெயர்கள். ஊரில் இருப்பதே நாற்பத்து நாலு வீடு.

பஞ்சம்மாள் பெயர்களை வரிசையாகப் படித்தாள். முதல் பெயர் ஊர்ப் பெரியவர் நல்லமுத்து. அடுத்தது மாயக்காள். முந்தாநாள்தான் மாயக்காள் ஒரு சொளவு நிறையக் கடலை அவித்துக் கொண்டுவந்து, தின்னு முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். வீரணன், இருளாண்டி, சோலை. இவர்கள் யாருக்கும் அவள் என்ன கெடுதல் செய்தாள்? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. இடுப்பிலிருந்த குழந்தை சோலையின் வீட்டுக் குழந்தை. அதைக் கீழே இறக்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்ததால் இறக்க முடியவில்லை.

பள்ளிக்கூடம் ஒரே கொட்டகை. நடுவில் ஓலைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் ஹெட்மாஸ்டர் தனுஷ்கோடி ஒன்று முதல் நாலு வரை எல்லா வகுப்பையும் ஒரே பிரம்பால் மேய்த்துக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் பஞ்சம்மாளின் அரைக் கிளாசு. ஒன்றாம் வகுப்புக்கு முன்னால், விரலைப் பிடித்து மணலில் எழுதப் பழக்குகிற வகுப்புக்கு ஊரில் அந்தப் பெயர்தான். ரிஜிஸ்டரில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். தரையில் முப்பத்து மூன்று பேர் இருந்தார்கள்.

அந்தப் பதினாலு பேர் வந்த கதை இது. பருத்தி எடுப்புக் காலத்தில் உடைகுளத்துப் பெண்கள் வெளிச்சம் பிறக்கும்போதே காட்டுக்குப் போய்விடுவார்கள். கைப்பிள்ளைகளை வரப்பு ஓரம் உடைமரத்து நிழலில் போட்டுவிட்டு எடுப்பார்கள். நிழல் நகரும், பிள்ளை நகராது. பஞ்சம்மாள் வந்த இரண்டாம் வருஷம் சோலையின் மூத்த பிள்ளையை அங்கே தேள் கொட்டிவிட்டது. திருச்சுழிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வழியிலேயே போய்விட்டது. மறுநாள் காலையில் பெண்கள் எப்போதும்போலப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனார்கள். எடுப்புக்குப் போகாவிட்டால் கஞ்சி கிடையாது, துக்கம் பார்த்தால் ஆகுமா. பஞ்சம்மாள் வாசலில் நின்றவள், "இங்க விட்டுட்டுப் போங்க" என்றாள். யோசித்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் ஐயையோ என்று இருந்தது. அதற்குள் உத்தரத்தில் மூன்று தொட்டில் தொங்கிவிட்டது.

அதற்காக அவள் அந்த ஊரை விரும்பி ஏற்றுக்கொண்டவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். பதினாறில் கல்யாணம், பதினேழில் காலரா வந்து புருஷனைக் கொண்டுபோயிற்று. அண்ணன் சௌடப்பன்தான், சாதிசனம் சொன்னதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல், மதுரைக்கு அனுப்பி டிரெயினிங் முடிக்க வைத்தான். ஜில்லா போர்டு அவளை உடைகுளத்தில் கொண்டுபோய்ப் போட்டது. நாலு வருஷம் ஆயிற்று. வீட்டில் பேசுகிற கன்னடத்தில் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. யுத்தம் முடிந்தும் துணிக்கும் தானியத்துக்கும் ரேஷன் ஒழியவில்லை. உப்புத் தண்ணீரில் குளித்துத் தலைமுடி பாதி போய்விட்டது. ஊரில் அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது, "பஞ்சு எப்போ வருவா" என்று தினமும் கேட்கிறாள். கார்த்திகையில் மாறுதலுக்கு எழுதிப் போட்டது பஞ்சம்மாளேதான். அருப்புக்கோட்டைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பங்குனியில் இடம் காலி, அவளுக்குத்தான் என்று பேச்சும் ஆகிவிட்டது. இந்த நேரத்தில்தான் மனு. அது மெய்யென்று முடிவானால் மாறுதல் நின்றுபோகும், சர்வீஸ் புஸ்தகத்தில் கரும்புள்ளி விழும், பிறகு எந்த டவுன் பள்ளிக்கூடமும் அவளை ஏறெடுத்துப் பார்க்காது.

தட்டியைத் தாண்டிப் போய் ஹெட்மாஸ்டரிடம் கேட்டாள். தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடியும் துடைத்தார்.

"உங்க மாறுதல் சங்கதியை நான்தாம்மா ஊருக்குள்ள சொன்னேன். அது என் தப்பு. மத்தது ஊர்க் காரியம். நான் ராமநாதபுரத்துக்காரன், எனக்கு என்ன தெரியும்?"

"நான் தூங்குறதை நீங்க பார்த்திருக்கீங்களா சார்?"

"இந்தச் சத்தத்துல யாரும்மா தூங்க முடியும்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரம்பை எடுத்தார்.

ஊராரைக் கேட்கலாம்தான். கேட்டால் அழுகை வந்துவிடும் என்று பயமாக இருந்தது. புதன்கிழமை யாரோ அவள் வீட்டு வாசலில் ஒரு பரங்கிக்காயை வைத்துவிட்டுப் போனார்கள். இருளாண்டி வந்து, கேட்காமலே கூரைக்கு ஓலை மாற்றினான். மனுப் போட்ட கையால் பரங்கிக்காயும் வைப்பார்களா? அவள் சமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் வழக்கம்போலப் பெண்கள் வரிசையாக வந்து பிள்ளைகளை அவள் கையில் கொடுத்தார்கள். அருப்புக்கோட்டையில் இவள் எதிரே வந்தால், காரியமாகப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று, தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். தாலியறுத்தவள் முகம் சகுனத்துக்கு ஆகாது. இங்கே இரண்டு வருஷத்துக்கு மேலாக விடிந்ததும் விடியாததுமாக இவள் முகத்தில்தான் இத்தனை பேரும் முழித்துவிட்டுக் காட்டுக்குப் போகிறார்கள். அன்றைக்குத்தான் அது அவளுக்கு உறைத்தது. அதனால் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மாயக்காள் தன் கைப்பிள்ளையைக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வெளுத்த சேலையாக் கட்டிக்கிட்டு இருங்க டீச்சரம்மா. இசுபெட்டரு வாராராம்ல" என்றாள்.

பஞ்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "மனுவுல நீங்களும் கைநாட்டு வச்சீகளா?"

"வைக்காம? மொதக் கைநாட்டு எனக்குத்தான்னு சண்டை போட்டேன். நல்லமுத்து மாமா முந்திட்டாக" என்றாள் மாயக்காள். சொன்னவள் முகத்தில் வெட்கமோ பகையோ மருந்துக்கும் இல்லை. கோயில் கொடைக்குப் பணம் எழுதியவள்போலப் பெருமையாக நின்றாள். "நேரமாச்சு, வாரேன்" என்று பருத்தி எடுப்புக்குக் கட்டும் கொங்காணித் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். டீச்சர் பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை முதலில் வந்தது சௌடப்பன். மாறுதல் உத்தரவு கையெழுத்தாகப் போகிறது என்று சந்தோஷமாக, தங்கச்சியின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் போக வந்தவன், மனுவைப் படித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். "இந்த ஜனங்களுக்கா நீ மூக்குச் சிந்திவிட்டாய்?" என்று கன்னடத்தில் கேட்டான். கொஞ்ச நேரத்தில் ஊர் அனுப்பியிருந்த வில்வண்டியில் டிப்டி இன்ஸ்பெக்டரும் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். கோட்டு முழுக்கப் புழுதி. கொட்டகைக்குள் நுழைந்ததும் உத்தரத்தையும் மூன்று தொட்டிலையும் அண்ணாந்து பார்த்தார். அன்று யாரும் எடுப்புக்குப் போகவில்லை. ஊர் முழுக்க வாசலில் குவிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து முதலில் நல்லமுத்துவைக் கூப்பிட்டார்.

"இந்த அம்மா வகுப்புல தூங்குறாங்களா?"

"தூங்கும்யா" என்றார் நல்லமுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எந்நேரம்?"

"நாங்க காட்டுல இருக்கும்போதுய்யா."

"காட்டுல இருக்குற உமக்கு இங்க தூங்குறது எப்படித் தெரியும்?"

நல்லமுத்து தலையைச் சொறிந்தார். அடுத்தது வீரணன். பிள்ளைகளை டீச்சர் அடிப்பதாகச் சொன்னான். எதால் என்றதற்குச் சுற்றுமுற்றும் பார்த்தான். இந்தப் பக்கம் பிரம்பே கிடையாது. "வாயால" என்றான் கடைசியில். அவன் மகன் அந்த நேரத்தில் டீச்சரின் புடவைக்குள் புகுந்து ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவராக வந்து, கண்ணைத் தூக்காமல், அவளைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். பஞ்சம்மாளுக்கு அவமானத்தில் காது எரிந்தது. அதே சமயம், இவ்வளவு மோசமாகப் பொய் சொல்லத் தெரிந்தவர்களை அவள் பார்த்ததே இல்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிட்டு, மணலில் எழுதச் சொன்னார். அது குத்தவைத்து உட்கார்ந்து, உயிரெழுத்துப் பன்னிரண்டையும் எழுதிவிட்டு, பாராட்டுக்குக் காத்திருந்தது. அவர் மனுவை மடியில் போட்டு ஓங்கித் தட்டினார்.

"பொய் மனுப் போட்டா என்ன ஆகும் தெரியுமா? நாற்பத்தொரு பேர் மேலயும் கேசு எழுதவா?"

கூட்டம் கலங்கிப் போயிற்று. மாயக்காள்தான் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கேசு எழுதுறதுன்னா எம்மேல எழுதுங்கய்யா, ரோசனை என்னோடது. எனக்கு மூணு பிள்ளை பெறந்து பெறந்து செத்துச்சு. நாலாவதுக்குக் குப்பச்சின்னு பேரு விட்டேன். குப்பைன்னு சொன்னா எமன் சீந்தமாட்டான்னு சொல்லுவாக. நின்னுட்டா. இந்தா மணல்ல எழுதுனாளே, அவதான். டீச்சரம்மாவக் கவுருமெண்டு எடுத்துக்கிட்டுப் போகப் போகுதுன்னாக. அவுகளையும் குப்பைன்னு எழுதிப் போட்டா எடுக்கமாட்டாகன்னு எழுதுனோம்."

நல்லமுத்துவுக்கும் இப்போது தைரியம் வந்துவிட்டது. "முன்னால வெங்கடரமணன்னு ஒரு வாத்தியாரு இருந்தாருய்யா. தங்கமானவரு, எங்களுக்கே விட்டு வைங்கன்னு மனுப் போட்டோம். தங்கமாமேன்னு மறுமாசமே டவுனுக்குத் தூக்கிட்டாக. வச்சுக்கிற மாட்டைச் சந்தையில போயி யாராச்சும் புகழுவாகளா? அது எங்களுக்குத்தான் முந்தியே தெரியாமப் போச்சு."

பஞ்சம்மாள் குப்பச்சியைப் பார்த்தாள். மூன்று நாளாக அரித்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஆனால் மனசு அடங்கவில்லை. அவர்கள் தன்னைக் கேட்டிருக்கலாமே என்று ஆத்திரம் வந்தது. தான் எழுதிப்போட்ட மாறுதலைத் தானே அவர்களிடம் சொல்லியிருக்கலாமே என்று வெட்கமும் வந்தது. தன் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்தவர்கள்மேல் பாசமும் பொங்கினால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, பேனாவைத் திறந்தார்.

"மனு பொய்னு எழுதுறேன்மா. தொட்டில் ஒண்ணுதான் நிசம். அதை அவிழ்த்துடுங்க, நான் பார்க்கலைன்னு வச்சுக்கறேன். திங்கட்கிழமை நீங்க அருப்புக்கோட்டையில சேர்ந்துக்கலாம்."

"இங்க யாரு வருவாங்க சார்?"

"யாராவது வருவாங்க. வராமலும் இருக்கலாம். இந்தத் தண்ணிக்கு யாரு வாரா?" அவர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "குற்றச்சாட்டு உண்மையில்லைன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உண்மைன்னா பிறகு நீங்க இங்கயேதான், அது தெரியுமில்ல?"

தெரியும். பஞ்சம்மாள் தாளை எடுத்துக்கொண்டாள். அம்மாவின் மங்கின கண் நினைவுக்கு வந்தது. தறிச் சத்தமும் நல்ல தண்ணீரும் நினைவுக்கு வந்தன. தேள் கொட்டிய பிள்ளை நினைவுக்கு வந்ததா என்றால், இல்லை. ஊர் மேல் இரக்கம் வந்ததா என்றால், அதுவும் சரியாகச் சொல்ல முடியாது. தியாகம் செய்கிறோம் என்ற எண்ணம் ஒரு துளி வந்திருந்தால் அவள் பேனாவைக் கீழே வைத்திருப்பாள், அந்த மாதிரி ஆள் இல்லை அவள். கொட்டகைக்கு வெளியே ஒரு ஊரே மூச்சு விடாமல் நின்றது மட்டும் தெரிந்தது. அவள் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் படித்தார். 'மனுவில் கண்டவை யாவும் உண்மை.'

"தூங்குனதுமா?"

"ஆமாங்க."

"அடிச்சதுமா? இங்க பிரம்பே இல்லையேம்மா."

"ஆமாங்க."

"ஊர்தான் பைத்தியம்னு நினைச்சேன்" என்று அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா இப்படிப் பண்றீங்க?"

"தெரியலைங்க" என்றாள் பஞ்சம்மாள். அது சத்தியமான பதில். அவர் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அப்ப உத்தரவு இப்படித்தான் எழுதணும். அடுத்த விசிட்டுக்கு நான் வரும்போது தொட்டில் இருக்கக்கூடாது."

"எப்ப வருவீங்க சார்?"

"பருத்தி எடுப்பெல்லாம் முடியட்டுமே" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

ஊருக்கு விஷயம் போய்ச் சேர ஒரு நிமிஷம் ஆகவில்லை. யாரும் கும்மாளம் போடவில்லை. நல்லமுத்து கொட்டகைப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார். பெண்கள் அரை நாள் எடுப்பாவது கிடைக்கட்டும் என்று பிள்ளைகளை விட்டுவிட்டுக் காட்டுக்கு விழுந்தடித்துப் போனார்கள். மாயக்காள் மட்டும் நின்று, "கோவமா டீச்சரம்மா?" என்றாள். "ஆமா" என்றாள் பஞ்சம்மாள். "இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அவளும் போனாள்.

சௌடப்பன் மரத்தடியில், அவள் வீட்டிலிருந்து தூக்கி வந்திருந்த டிரங்குப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தான். நடந்ததைக் கேட்டதும் அவனுக்குக் கோபம்கூட வரவில்லை.

"நல்லது செய்தாய் என்று நினைக்கிறாயா பஞ்சு?"

"இல்லை."

"இந்த ஊர் பிடித்திருக்கிறதா?"

"இல்லை அண்ணா. இந்தத் தண்ணி வாயில் வைக்க முடியவில்லை."

"பிறகு எதற்கு?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிள்ளைகளுக்காக என்று சொல்லலாம். அது பாதிதான் நிஜம். அவமானப்பட்டதில் வந்த வீம்பு என்று சொல்லலாம். அது கால்கூட நிஜமில்லை.

"அம்மாவிடம் நான் என்ன சொல்ல?" என்றான் சௌடப்பன். "இன்றைக்கு நீ வருகிறாய் என்று வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்."

பஞ்சம்மாளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ள முந்தானையை எடுத்தாள், அது முழுக்கப் பிள்ளைகளின் மூக்குச்சளி. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"வேலையில் தப்புப் பண்ணிவிட்டாள், தண்டனையாக அங்கேயே போட்டுவிட்டார்கள் என்று சொல்."

"அம்மாவிடம் பொய் சொல்லச் சொல்கிறாயா?"

"இந்த ஊரே எனக்காகப் பொய் சொல்லிவிட்டது அண்ணா. நீயும் ஒன்று சொல்லேன்."

சௌடப்பன் எழுந்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் வீட்டுக்குள் பழைய இடத்தில் வைத்தான். திரும்பி வந்து குடையை எடுத்துக்கொண்டான்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டான்.

அவளுக்கு அதுவும் தெரியவில்லை.